விமான சேஃப்டி ரூல் மாறிருச்சுன்னு நியூஸ் வந்தா, அதை எப்படி படிக்கணும்?

அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தற அமைப்பான எஃப்ஏஏ புது ரூல் போட்டுட்டாங்கன்னு ஒரு தலைப்பு வந்த உடனே குரூப் குரூப்பா ஃபார்வர்ட் ஆகுது, ஆனா அது கட்டாயமா வெறும் வழிகாட்டுதலா, யாருக்குப் பொருந்தும், எந்த தேதியில இருந்து, இந்த மூணையும் யாருமே கேக்கறதில்ல. மெயின்டனன்ஸ்ல இருக்கறவங்க, பைலட் ஆகப்போறவங்க, டிசைன் பக்கம் போகணும்னு நினைக்கற ஸ்டூடண்ட்ஸ், எல்லாருமே ஒரிஜினல் பேப்பரைத் திறந்து படிக்கப் பழகணும்ங்கறதுதான் நான் சொல்ல வர்றது. அமெரிக்க எஃப்ஏஏ பேப்பர்களையே உதாரணமா எடுத்துக்கறேன், எல்லாமே இலவசமா ஆன்லைன்ல கிடைக்குது.

முதல்ல கையில இருக்கறது என்ன பேப்பர்னு பாருங்க. அமெரிக்க ஃபெடரல் விதித் தொகுப்போட டைட்டில் 14-ல வர்ற பார்ட் 25 (பெரிய விமானத்தோட டிசைன்), பார்ட் 91 (விமானத்தை இயக்கறது) மாதிரியானது ரூல், மீறினா சட்ட மீறல். ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ், அதான் நம்ம ஏடி, குறிப்பிட்ட விமானத்துல இருக்கற ஆபத்தை சரி பண்ணச் சொல்ற உத்தரவு, அதுவும் பார்ட் 39 கீழ வர்றதால சட்டம்தான். ஆனா அட்வைஸரி சர்க்குலர் அப்படி இல்ல, "இப்படி செஞ்சா ஏத்துக்குவோம், ஆனா இது ஒண்ணு மட்டும்தான் வழின்னு இல்ல"ன்னு அதுலயே எழுதியிருக்கும்.

இந்த வித்தியாசம் நல்லா புரியணும்னா 25.1309 எடுத்துக்கங்க, பெரிய பயணிகள் விமானத்தோட சிஸ்டம் சேஃப்டிக்கான செக்‌ஷன். இது 2024 ஆகஸ்ட்ல திருத்தி வெளியாச்சு, செப்டம்பர் 26-ல அமலுக்கு வந்துச்சு. விமானமே போற அளவுக்கான ஃபெயிலியர் "எக்ஸ்ட்ரீம்லி இம்ப்ராபபிள்"-ஆ, அதாவது நடக்க வாய்ப்பே இல்லைங்கற அளவுக்கு அரிதா இருக்கணும், அதோட ஒரே ஒரு பழுதால அப்படி நடந்துரவும் கூடாது, இது ரூல்ல இருக்கு. ஆனா நாம எல்லாரும் மனப்பாடமா சொல்ற அந்த பறக்கற ஒரு மணி நேரத்துக்கு 100 கோடியில ஒண்ணுங்கற நம்பர் எங்க இருக்குன்னா, அட்வைஸரி சர்க்குலர் 25.1309-1பி-ல. நம்பரை எப்படி படிக்கறதுன்னா, 25.1309 எந்த செக்‌ஷன்னு சொல்லுது, 1 அதுல வந்த முதல் சர்க்குலர், பி-ங்கறது ரெண்டாவது திருத்தம். முன்னாடி இருந்த 1ஏ வந்தது 1988-ல, அப்போ அடுத்த திருத்தத்துக்கு 36 வருஷம் ஆகியிருக்கு பாருங்க. அதனால ரூல் மாறாம சர்க்குலர் மட்டும் மாறினாலும் அலட்சியமா விடாதீங்க, டிசைன் பண்றவங்களுக்கு அன்றாட வேலையை அதுதான் மாத்தும்.

அடுத்தது தேதி, நிறைய பேர் தடுமாறுற இடம் இதுதான். அமலுக்கு வர்ற தேதி வேற, கடைப்பிடிச்சு முடிக்க வேண்டிய கடைசி தேதி வேற. எஸ்எம்எஸ் ரூல், அதாவது கம்பெனிங்க சேஃப்டி மேனேஜ்மெண்ட் சிஸ்டம் வெச்சுக்கணும்ங்கற பார்ட் 5-ஓட திருத்தம், 2024 மே 28-ல அமலுக்கு வந்துச்சு, ஆனா ஏற்கனவே ஓடிட்டிருக்கற பார்ட் 135 ஆபரேட்டருக்கு (சார்ட்டர் மாதிரி சின்ன வாடகை விமான கம்பெனி) 2027 மே 28 வரைக்கும் டைம். சின்ன லைட் ஸ்போர்ட் விமானங்களுக்கும் அதை ஓட்டற ஸ்போர்ட் பைலட்டுகளுக்கும் வந்த மொஸைக் ரூல் இன்னும் சிக்கல், பப்ளிஷ் ஆனது 2025 ஜூலை 24, ஸ்போர்ட் பைலட் சம்பந்தப்பட்ட பகுதி அக்டோபர் 22-ல அமலாச்சு, லைட் ஸ்போர்ட் விமானத்துக்கு சர்டிபிகேட் கொடுக்கற பகுதிக்கு 2026 ஜூலை 24. ஒரே ரூல், ரெண்டு தேதி. அதே மொஸைக்ல ஸ்டால் ஸ்பீடு (இதுக்குக் கீழ போனா இறக்கை விமானத்தைத் தாங்காதுங்கற வேகம்) லிமிட்டும் அப்படித்தான், பைலட் ஓட்டறதுக்கு ஃப்ளாப் போடாம 59 நாட், விமானத்தோட சர்டிபிகேஷனுக்கு லேண்டிங் கான்ஃபிகரேஷன்ல, அதாவது இறங்கற நிலையில 61 நாட், ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டுதான் பாதி சண்டையே நடக்குது. ரூல் வெளியாகற அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டர் பேப்பர்ல மேலயே "டேட்ஸ்"னு ஒரு பகுதி இருக்கும், அதை விடாம படிச்சிருங்க.

யாருக்குங்கற கேள்விக்கு வருவோம். பார்ட் 25 திருந்திருச்சுன்னா இன்னைக்கு பறந்துட்டிருக்கற எல்லா விமானமும் மாறணும்னு அர்த்தம் இல்ல. பொதுவா டைப் சர்டிபிகேட்டுக்கு (ஒரு மாடலோட டிசைனுக்குக் கொடுக்கற அங்கீகாரம்) விண்ணப்பிச்ச தேதியில என்ன ரூல் இருந்துச்சோ அதுதான் அந்த மாடலுக்கு சர்டிபிகேஷன் பேசிஸ், அதாவது அடிப்படை ரூல், பெருசா மாத்தினா 21.101 படி புது ரூலுக்கு எவ்வளவு தூரம் வரணும்னு தனியா பாப்பாங்க. எந்த மாடலுக்கு எந்த அமெண்ட்மெண்ட்னு டைப் சர்டிபிகேட் டேட்டா ஷீட்ல எழுதியே இருக்கும். போயிங் 737-க்கு 1967-ல கொடுத்த அதே சர்டிபிகேட்லதான் 2017-ல மேக்ஸும் சேர்ந்துச்சு, அந்த ஷீட்டை ஒரு தடவை திறந்து பாத்தா இந்த விஷயம் சட்டுனு பிடிபடும். பறந்துட்டிருக்கற விமானத்தைத் தொடணும்னா பெரும்பாலும் ஏடி வரும், இல்லைன்னா ஆபரேட்டிங் ரூல் மாறும்.

ஏடிய எப்படி படிக்கறதுன்னு கொஞ்சம் நிதானமா பாப்போம். 2024-02-51-னு ஒண்ணு இருக்கு, 737-9 விமானத்துல டோர் ப்ளக் (பயன்படுத்தாத கதவு இடத்தை அடைக்கற பேனல்) பிச்சுக்கிட்டு போன மறுநாளே, ஜனவரி 6-ல வந்தது. 2024 வருஷம், வருஷத்தை ரெண்டு ரெண்டு வாரமா பிரிச்சா 02-ங்கறது ரெண்டாவது பகுதி, கடைசி நம்பர் 51-ல இருந்து தொடங்கினா எமர்ஜென்சி ஏடி. பழக்கம் ஆயிருச்சுன்னா நம்பரைப் பாத்த உடனே அவசரம் தெரிஞ்சிரும். உள்ள போனா முதல்ல அப்ளிகபிலிட்டி, எதுக்குப் பொருந்தும்ங்கற பகுதி, அதுல மாடல் பேர் மட்டும் பாத்து நிறுத்தாம சீரியல் நம்பர், பார்ட் நம்பர் வரைக்கும் பாருங்க. அப்புறம் அன்சேஃப் கண்டிஷன், எதனால இந்த ஏடின்னு சொல்ற வரி, வேலை செய்யறவங்க அதைத் தாண்டிப் போகவே கூடாது, ஏன்னா எங்க விரிசல் வரும்னு தெரிஞ்சாதான் இன்ஸ்பெக்‌ஷன்ல கண்ணு சரியான இடத்துக்குப் போகும். "எக்செப்ஷன்ஸ் டு சர்வீஸ் இன்ஃபர்மேஷன்"னு ஒரு பத்தி இருந்தா பென்சிலால கட்டம் போட்டு வெச்சுக்கங்க. விமானம் தயாரிக்கற கம்பெனி வேலை முறையைச் சொல்லி அனுப்பற சர்வீஸ் புல்லட்டின் "இந்த புல்லட்டின் வந்த தேதியில இருந்து"ன்னு கணக்கு சொல்லும், ஏடி அங்க வந்து "இந்த ஏடி அமலான தேதியில இருந்து"ன்னு மாத்தியிருக்கும். புல்லட்டினை மட்டும் கையில வெச்சுக்கிட்டு வேலை பாத்தா கணக்கே தப்பாயிரும். வேற வழியில செய்யணும்னா ஏமாக், அதாவது மாற்று வழிக்கான அனுமதி வாங்கணும், அதுக்கு யாருகிட்ட கேக்கணும்னு பேப்பர் கடைசியில இருக்கும்.

எங்க தேடறதுன்னா, ரூலுக்கு ஈ-சிஎஃப்ஆர்ங்கற ஆன்லைன் விதித் தொகுப்பு, ஏடிக்கும் சர்க்குலருக்கும் எஃப்ஏஏவோட டிஆர்எஸ்ங்கற தேடல் தளம். ஈ-சிஎஃப்ஆர்ல ரெண்டு தேதி கொடுத்தா எந்த வார்த்தை போச்சு, எது புதுசா வந்துச்சுன்னு பக்கத்து பக்கத்துல காட்டும், 2017 வரைக்கும் பின்னாடி போலாம். ரூலுக்கு முன்னாடி வர்ற ப்ரியாம்பிள் நீளமாத்தான் இருக்கும், ஆனா யார் என்ன ஆட்சேபணை சொன்னாங்க, அதுக்கு எஃப்ஏஏ என்ன பதில் கொடுத்துச்சுங்கறது அங்கதான் இருக்கு, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் புரியலைன்னா நான் முதல்ல போறது அங்கதான். ஐரோப்பாவோட விமான சேஃப்டி அமைப்பான ஈயாசாவுல பேப்பர்களுக்கு சிஎஸ், ஏஎம்சி, ஜிஎம்னு பேர் வேற, ஆனா கட்டாயமா, யாருக்கு, எப்போ இருந்துங்கற அதே மூணு கேள்வியை அங்கயும் கேக்கலாம்.

படிச்சு முடிச்சு வேலையும் முடிஞ்சா ரெக்கார்டுல எழுதறதை நாளைக்குன்னு தள்ளாதீங்க. மெயின்டனன்ஸ் ரெக்கார்டுக்கான 91.417 ரூல் கேக்கறது ஏடி நம்பர், ரிவிஷன் தேதி, எந்த முறையில செஞ்சீங்கங்கறது, திரும்பத் திரும்ப செய்ய வேண்டியதா இருந்தா அடுத்தது எப்போங்கறது. வெறுமனே "ஏடி கம்ப்ளைட்"னு எழுதி கையெழுத்து போட்டா அடுத்த ஷிஃப்ட்ல வர்றவருக்கு ஒண்ணுமே தெரியாது.