"எலிக்கு வந்தா எனக்கும் வருமா அத்தை?" என்று கேட்கும் பிள்ளையோடு பேசுவது எப்படி

மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்கு விடியற்காலை ஐந்தரைக்குப் போனால், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். என் அண்ணன் மகனும் அதில் ஒருத்தன். 7 நிமிடம் 10 நொடியிலேயே மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்தான். போன பங்குனியில் அவன் பையைத் துவைக்க எடுத்தபோது ஒரு பாட்டில் கிடைத்தது. கார்டரின், 10 மில்லிகிராம், 60 கேப்சூல். மூச்சு வாங்காமல் ஓடலாம் என்று ஜிம்மில் ஒருவர் விற்றிருக்கிறார். தினமும் இரண்டு போடச் சொன்னாராம்.

நான் 14 வருஷம் ஒரு கல்லூரியின் அனிமல் ஹவுஸில், அதாவது ஆய்வுக்கான விலங்குகளை வளர்க்கும் இடத்தில், எலிகளைப் பார்த்துக்கொண்டவள். அந்தப் பெயரைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. உடனே, "இதைத் தின்னா கேன்சர் வரும்டா" என்று கத்திவிட்டேன். அவன் போனை எடுத்து, "அது எலிக்கு அத்தை, மனுசனுக்கு வந்ததா ஒரு ஆதாரம் காட்டுங்க" என்றான். என்னால் காட்ட முடியவில்லை. அன்றைய பேச்சு அதோடு முடிந்துபோனது. நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், நிரூபிக்க முடியாததைச் சொல்லாதீர்கள். "கேன்சர் வரும்" என்பது உங்களிடம் இல்லாத சாட்சி. இருக்கிற சாட்சியைச் சொல்லுங்கள், அதுவே போதுமான கனம் உள்ளது. இந்த மருந்தின் உண்மையான பெயர் ஜிடபிள்யூ 501516. கிளாக்ஸோ, லிகாண்ட் என்ற இரண்டு மருந்து நிறுவனங்கள் 1990களில் சேர்ந்து தொடங்கிய ஆராய்ச்சியில் உருவானது. உடல் கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கும் வேலையைத் தூண்டிவிடும். 2008இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்டு எவான்ஸ் குழு, பயிற்சியோடு இதைக் கொடுத்த சுண்டெலிகள் சுமார் 70 சதவீதம் கூடுதல் தூரம் ஓடியதாகக் காட்டியது. ஜிம்காரர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் அதற்கு முன்பே, 2007இல், கிளாக்ஸோ நிறுவனம் மருந்தைக் கைவிட்டிருந்தது. எலிகளுக்குப் பல உறுப்புகளில் கட்டிகள் வந்ததுதான் காரணம். உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடா 2009இல் இதைத் தடை செய்தது. 2013 மார்ச்சில் வீரர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கையும் விட்டது.

இங்கே ஒரு கேள்வி கேளுங்கள். எலி ஓடியதை நம்புகிறாய், எலிக்குக் கட்டி வந்ததை ஏன் நம்ப மாட்டேன் என்கிறாய்? என் மருமகன் முதல்முறையாகப் பேசாமல் இருந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

அப்புறம், "எலிக்கு வயசானா எப்படியும் கட்டி வரும்" என்பார்கள். அது உண்மை. மறுக்காதீர்கள். மருந்து எதுவும் கொடுக்காத கிழட்டுப் பெண் எலிகளுக்கு மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி வந்து நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஆய்வில் மருந்து கொடுக்காத எலிகளும் இருக்கும். நாங்கள் பிக்ரிக் அமிலத்தின் மஞ்சளைப் பஞ்சில் தொட்டு ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலடியில் அடையாளம் வைப்போம். எடை போட்டு, அதற்கேற்ற அளவை சிரிஞ்சில் எடுத்து, பிடரித் தோலைச் சேர்த்துப் பிடித்து, நுனியில் சின்னக் குண்டு வைத்த வளைந்த ஊசியை வாயோரமாக இறக்கினால் எலி தானே விழுங்கும். மருந்து இல்லாத குழுவுக்கும் அதே பிடி, அதே ஊசி, மருந்து கலக்காத வெறும் திரவம். ஒரே அறை, ஒரே தீனி, ஒரே தண்ணீர். கட்டி எந்தக் குழுவில் கூடுதலாக வந்தது என்றுதான் எண்ணுவார்கள். இந்த மருந்துக்கு அப்படி 104 வாரம் எண்ணினார்கள். எலிக்கு அது கிட்டத்தட்ட முழு ஆயுள். கல்லீரல், சிறுநீர்ப்பை, வயிறு, தோல், தைராய்டு, நாக்கு, விரை, சூல்பை, கருப்பை என்று பட்டியல் நீண்டது. கொடுத்த எல்லா அளவிலும் வந்தது, மிகக் குறைந்த அளவிலும்கூட.

இனி அளவுக் கணக்கு. பேச்சு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண் எலிகளுக்குக் கொடுத்த குறைந்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். என் மருமகன் 65 கிலோ. "மூணு பெருக்கல் 65, 195. நான் போடுறது 20. பத்துல ஒரு பங்குதான்" என்றான். கணக்கு சரி, வழிமுறை தவறு. சின்ன உடம்பு மருந்தை வேகமாகச் செலவழித்துவிடும். அதனால் எலியின் அளவை மனிதனுக்கு மாற்றும்போது கிலோ கணக்கை 6.2ஆல் வகுப்பார்கள். சுண்டெலி என்றால் 12.3. 3ஐ 6.2ஆல் வகுத்தால் 0.48. அதை 65ஆல் பெருக்கினால் சுமார் 31 மில்லிகிராம். அவன் போட்டது 20. பத்து மடங்கு என்று நினைத்த இடைவெளி ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிட்டது. இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள். அவனையே போடச் சொல்லுங்கள். தன் கையெழுத்தில் வந்த எண்ணோடு யாரும் சண்டை போட மாட்டார்கள்.

"கட்டி வரவைக்கணும்னே அதிகமா கொடுப்பாங்க" என்பதும் வரும். ஏன் அதிகம் கொடுக்கிறார்கள் என்று விளக்குங்கள். வழக்கமாக ஒரு குழுவில் ஆணில் 50, பெண்ணில் 50 எலிதான். ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய கேடு 50 எலியில் கண்ணில் படாமலே போய்விடும். மதுரையில் ஆயிரம் பையன்கள் இதைப் போட்டு ஒருவனுக்கு வந்தாலும் அவன் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. குறைந்த எண்ணிக்கையில் பிடிபடத்தான் அளவைக் கூட்டுகிறார்கள்.

இப்போது எதிர்த் தரப்புக்கு உரியதை மனசாரக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவன் நெட்டில் தேடிக் கண்டுபிடித்து உங்களை மொத்தமாக நம்பாமல் போவான். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சாக்கரின் ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டி உண்டாக்கியது. அந்த வழி எலிக்கே உரியது என்று பின்னால் தெரிந்து, 2000இல் அமெரிக்கா அதைப் புற்றுநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. கொழுப்பைக் குறைக்கும் ஃபைப்ரேட் மாத்திரைகளும் எலியின் கல்லீரலில் கட்டி வரவைக்கும், மனிதர்கள் பல வருஷமாகச் சாப்பிடுகிறார்கள். ஜிடபிள்யூ ஆய்வின் முடிவுகளும் 2009இல் ஒரு மாநாட்டில் சுருக்கமாகத்தான் வந்தன, முழுக் கட்டுரையாக வரவில்லை. குடல் கட்டி பற்றி 2004இல் ஒரே அறிவியல் பத்திரிகையில் வந்த இரண்டு சுண்டெலி ஆய்வுகளில், ஒன்று இந்த மருந்து தூண்டும் அதே ஏற்பி (செல்லுக்குள் மருந்து போய் ஒட்டும் புரதம்) கட்டியை வளர்க்கிறது என்றது, இன்னொன்று தடுக்கிறது என்றது. இவ்வளவையும் நீங்களே சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு வித்தியாசத்தைக் காட்டுங்கள். சாக்கரினில் ஓர் உறுப்பு, இதில் ஒன்பது. சாக்கரின் எலியில் எப்படிக் கட்டி உண்டாக்கியது என்று கண்டுபிடித்த பிறகுதான் விடுவித்தார்கள், இதற்கு அப்படி யாரும் விளக்கம் தரவில்லை. மனிதர்களுக்குக் கொடுத்த சோதனைகள் சில வாரம், அதிகம் போனால் 12 வாரம், தினம் 10 மில்லிகிராம் வரைதான். நம் வீடுகளில் பலர் சர்க்கரைக்குச் சாப்பிடும் பியோகிளிட்டசோனை நினைத்துப் பாருங்கள். ஆண் எலியின் சிறுநீர்ப்பையில் முதலில் தெரிந்தது, பிறகு மனிதர்களிடமும் சந்தேகம் வந்து 2013இல் இந்தியாவே சில வாரம் அதை நிறுத்தி, எச்சரிக்கையோடு திரும்ப விட்டது. அதற்கு ஒரு நோய் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். 22 வயதில் பத்து நொடி குறைக்க வேண்டியவனுக்கு என்ன நோய்?

"மனுசனுக்கு ஆதாரம் காட்டுங்க" என்றால், அந்த ஆதாரம் எப்படி வரும் என்று அவனிடமே கேளுங்கள். யாராவது வருஷக்கணக்கில் சாப்பிட்டு, யாராவது எண்ண வேண்டும். பாட்டிலில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்று அச்சடித்திருந்ததை அன்றுதான் அவன் வாய்விட்டுப் படித்தான். அவனை எண்ணிக்கொண்டு யாருமே இல்லை. எங்கள் எலிகளுக்காவது நோட்டில் ஒரு வரி இருந்தது.

ஏற்கெனவே போட்டிருந்தால் மிரட்டாதீர்கள். நிறுத்தச் சொல்லுங்கள், எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள், டாக்டரிடம் அந்தத் தாளை மறைக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். என் மருமகன் 19 நாள் போட்டிருந்தான். மிச்சம் 22 கேப்சூல். பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்ப அந்தப் பத்து நொடிக்கு என்ன பண்றது அத்தை?" என்றான். அவனுக்கு முக்கியமான கேள்வி அதுதான், அதையும் நாம்தான் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். மறுநாள் காலை நானும் மைதானத்துக்குப் போனேன். முதல் சுற்றிலேயே தலைதெறிக்க ஓடி, மூன்றாவது சுற்றில் அவன் நடக்காத குறையாக வருவதைப் பார்த்தேன். இப்போது நான் ஸ்டாப்வாட்சோடு வெளியே நிற்கிறேன், முதல் சுற்றை அவன் 1 நிமிடம் 50 நொடிக்கு முன்னால் முடித்தால் அன்றைக்குப் பருத்திப்பால் கிடையாது.