பழைய காருக்குத் தோள்பட்டி பொருத்திய என் அனுபவம்

கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் நாளாந்தம் ஓடும் எங்கள் பழைய மொறிஸ் மைனரில் இடுப்பைச் சுற்றும் ஆசனப் பாதுகாப்புப் பட்டி மட்டுமே இருந்ததால், 1959இல் வொல்வோ நிறுவனம் கார்களில் கொண்டுவந்த, இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்க மூன்று இடங்களில் பூட்டப்படும் மூன்றுமுனைப் பட்டியைப் போன்றதொன்றை வாங்கிப் பொருத்துவித்தேன். கராஜில் தோள்முனையை ஆசனத்துக்குப் பின்னால் தரையிலேயே பூட்டிவிட்டார்கள். அவ்வாறிருந்தால், மோதலில் உடல் முன்னே பாயும்போது பட்டி தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை அழுத்தும் என்பதால், உடனே கழற்றச் சொன்னேன். பின்னர் கதவுத் தூணில், தோள் மட்டத்துக்குச் சற்று மேலே துளையிட்டு, மெல்லிய தகரம் கிழிந்துவிடாதபடி உட்புறம் 3 மில்லிமீற்றர் இரும்புத் தகடு வைத்து, 7/16 அங்குல போல்ட்டால் இறுக்குவித்தோம். (துருப்பிடித்த தூணில் இதைச் செய்யவே கூடாது.) உயரம் குறைந்த அம்மாவின் கழுத்தில் பட்டி உரசியது, அவர் பக்கத் துளையை ஓரங்குலம் தாழ்த்தியதும், அது காறையெலும்பின் நடுவே படிந்தது.