ராத்திரி ஒன்பதிலிருந்து ஒன்பது இருபது வரை

கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறையில் வேலை எனக்கு. வீட்டம்மா ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டி வாரங்களில் ஏழரைக்கே கிளம்பிவிடுவார். தோசை சுட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டு முடிக்க ஒன்பது ஆகிவிடும். ஒன்பதரைக்கு மேல் எனக்குக் கண் நிற்காது. ஆகவே சமையலறைக்கு என்னிடம் இருப்பது இருபது நிமிடம்.

ஆரம்பத்தில் முக்கால் மணி நேரம் ஆனது. நேரே சிங்க்கில் கையை விட்டு, காய்ந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்பேன். இப்போது பாதி வேலையைத் தண்ணீரிடம் விட்டுவிடுகிறேன்.

அது சமைக்கும்போதே தொடங்கிவிடும். மாவுப் பாத்திரம் காலியான அந்த நிமிடமே பச்சைத் தண்ணீர் ஊற்றி ஓரமாக வைத்துவிடுவேன். மாவு, பால், முட்டை மூன்றுக்கும் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் ஊற்றினால் வெந்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் சுடுதண்ணீர்; அதற்கும் முதலில் பழைய பேப்பரால் எண்ணெயை வழித்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். வழிக்காமல் சிங்க்கில் ஊற்றி ஊற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குழாயைக் கழற்றிப்போட்டு அடைப்பெடுத்தவன் நான்.

ஒன்பது மணிக்கு முதலில் அடுப்பு. ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, தாங்கியை எடுத்து சிங்க்கில் போடுகிறேன். பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்து, சாம்பார் பொங்கி வழிந்த இடத்தின் மேல் விரித்துவிடுகிறேன். தேய்ப்பதில்லை. அது பாட்டுக்கு ஊறட்டும். பாத்திரம் கழுவி முடித்துத் திரும்பி வந்து ஒரு இழுப்பு இழுத்தால் கறை துணியோடு வந்துவிடும்.

துணி என்றதும் ஒன்று. பட்டறையில் மெஷின் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் வாங்குவோம், கிலோக் கணக்கில். அதில் வெள்ளைத் துண்டுகளாக வீட்டுக்கும் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் விற்கிற எந்தத் துணியும் இதுபோலப் பிசுக்கை இழுக்காது. மேடைக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. ரொம்ப அழுக்கானால் துவைத்துக்கொண்டிருக்காமல் தூக்கி எறிந்துவிடலாம்.

பாத்திரத்தில் டம்ளர் முதலில், தட்டு அடுத்து, எண்ணெய்ச் சட்டி கடைசி. மாற்றிச் செய்தால் ஸ்கிரப்பரில் ஏறிய பிசுக்கு டம்ளரில் வந்து உட்காரும். இரும்புத் தோசைக்கல்லுக்கு சோப்பு காட்டுவதே இல்லை. துடைத்து, துளி எண்ணெய் தடவி வைப்பதோடு சரி. மிக்ஸி ஜாரில் கால் பாகம் தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டுப் பத்து விநாடி ஓட்டினால் பிளேடுக்கு அடியில் இருக்கிற சட்னியும் வந்துவிடும். ஆனால் ஜாரைத் தண்ணீரில் மூழ்க வைக்காதீர்கள். அடியில் பிளேடின் தண்டு சுழல்கிற புஷ்ஷுக்குள் தண்ணீர் இறங்கினால் கொஞ்ச நாளில் இறுகிக்கொள்ளும். லேத்காரன் சொல்கிறேன், கேளுங்கள். கவிழ்த்து வைத்தால் போதும்.

பால் அடிபிடித்த எவர்சில்வர் பாத்திரத்தோடு அன்று ராத்திரி மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு ஸ்பூன் சோடா உப்பும் தண்ணீரும் போட்டு ஒரு கொதி விட்டு, அப்படியே வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் மரக்கரண்டியால் தள்ளினாலே உரிந்து வரும். அலுமினியத்துக்கு இந்த வேலை ஆகாது, சோடா உப்பு அதைக் கறுக்கடித்துவிடும். கறுத்த அலுமினியக் குக்கருக்குப் பிழிந்த எலுமிச்சைத் தோலோ கொட்டைப்பாக்களவு புளியோ போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும்.

எங்களுக்குக் குடிக்க கார்ப்பரேஷன் தண்ணீர், கழுவ போர்வெல் தண்ணீர். அந்த உப்புத் தண்ணீர் குழாய் முனையில் வெள்ளையாகப் படியும். வாரம் ஒருநாள் வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றிவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பேன். ஒருமுறை அவசரத்தில், பிளீச்சிங் பவுடர் போட்டிருந்த சிங்க்கிலேயே வினிகரையும் ஊற்றிவிட்டேன். மூக்கை அறுக்கிற நெடி, இருமல் நிற்கவில்லை. "அது குளோரின் வாயுங்க. ரெண்டையும் எதுக்கு ஒண்ணாக் கலக்கறீங்க?" என்று வீட்டம்மாவிடம் போனிலேயே திட்டு விழுந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது பிளீச்சிங் பவுடர் பாத்ரூமோடு சரி.

கடைசியில் சிங்க் ஜாலியில் தங்கிய சோற்றை எடுத்துப் போட வேண்டும். அதை விட்டால் கரப்பானுக்கு விருந்து. தரை முழுவதும் துடைக்க நேரமில்லை. அடுப்புக்கும் சிங்க்குக்கும் முன்னால் மட்டும், நம் கால் நிற்கிற இடம். அலமாரி, எக்ஸாஸ்ட் ஃபேன், பர்னர் ஓட்டைகளை ஊக்கால் குத்துவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. துணியைப் பிழிந்து கொடியில் விரித்துப் போட்டுவிட்டு லைட்டை அணைப்பேன்.

காலை எட்டரைக்கு வீட்டம்மா வந்து, காப்பி போடப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு சுற்றுப் பார்ப்பார். "ஏனுங்க, இந்த டம்ளர் இங்க இருக்கறதில்லீங்களே" என்பார். எடுத்துச் சரியான இடத்தில் வைப்பேன்.