தெருவிளக்கடியில் தனி ஆள்: இரவுப் படம் எடுக்கும் முறை

மும்பையின் மாதுங்கா, சயான் போன்ற பகுதிகளில் இரவில் ஒருவரை நிறுத்தி, திட்டமிட்டுப் படம் எடுப்பது எப்படி என்று எழுதுகிறேன். கேமராவை மேனுவலில் (அளவுகளை நாமே வைக்கும் முறை) வைக்கவும் 'ரா' கோப்பாக (கேமரா சுருக்காத மூலப் பதிவு) பதியவும் தெரிந்திருந்தால் போதும். டிரைபாட் கட்டாயம் வேண்டும்.

முதலில் இடம், பிறகுதான் ஆள். பஸ் நிறுத்தத்தின் விளம்பரப் பலகை, மூடிய கடையின் டியூப்லைட், மேம்பாலத்தடி விளக்கு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பார்ப்பவருக்கு முகத்தின் வெளிச்சம் அங்கிருந்தே வருவதாகத் தோன்ற வேண்டும். 1990களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் தெருவோர ஆண்களைப் படமெடுத்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிலிப்-லோர்கா டிகார்சியா, உதவியாளரை நிறுத்தி விளக்கையும் சட்டகத்தையும் முடிவு செய்துவிட்டே ஆளைத் தேடிப் போனார். இன்றும் இதைவிட நல்ல முறை இல்லை.

அடுத்து, ஆளில்லாமல் பின்னணியை மட்டும் எடுங்கள். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 800, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/8 நொடியில் தொடங்கலாம். தெரு ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், இருண்டே இருக்கட்டும்.

இனி நிறம். படம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். பழைய சோடியம் விளக்கின் ஒளி ஏறத்தாழ 2000 கெல்வின். பிளாஷ் 5500 அளவில் இருக்கும். இரண்டையும் அப்படியே கலந்தால், ஆளை வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். சோடியம் ஒளியை மட்டும் நம்பினாலும் பயனில்லை: அதில் மஞ்சளைத் தவிர மற்ற நிறங்கள் மிகக் குறைவு. உதட்டுச் சிவப்பையும் புடவைப் பச்சையையும் பிறகு கணினியில் மீட்க முடியாது. ஆகவே நிறம் மாற்றக்கூடிய சிறிய எல்.இ.டி. பேனலை 2700 கெல்வினுக்குக் கொண்டுவந்து, அதன்மேல் மெல்லிய ஆரஞ்சு ஜெல் தாளை (ஒளிபுகும் நிறத்தாள்) ஒட்டுங்கள். மஞ்சளும் பொருந்தும், தோலின் உயிரும் நிற்கும். கேமராவின் வெள்ளைச் சமநிலையை (எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பு) தானியங்கியில் விடாமல் 3000 கெல்வினில் நிறுத்துங்கள். தூரத்து வெள்ளை விளக்குகள் நீலமாகவே இருக்கட்டும். அந்தக் குளிர்ச்சிதான் ஆளின் தனிமையைக் காட்டும்.

தொடக்கத்தில் பிளாஷை விடப் பேனலையே சிபாரிசு செய்வேன். நிழல் விழுவதைக் கண்ணாலேயே பார்த்து மாற்றலாம். தெருவிளக்கு இருக்கும் பக்கமாகவே, தலைக்கு மேல் உயரத்தில், நண்பர் ஒருவர் கம்பில் பிடிக்கட்டும். ஒளி கடுமையாக இருந்தால் முன்னால் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகப் பிடித்தால் போதும். ஒளியை மென்மையாக்கக் கடையில் விற்கும் புகைப்படக் குடை தெருக்காற்றில் நிற்காது.

ஆளிடம் "சோகமாக இருங்கள்" என்று சொல்லாதீர்கள். உண்மையான வேலை ஒன்றைக் கொடுங்கள்: தூரத்தில் வரும் பஸ்ஸின் எண்ணைப் படிக்கச் சொல்லலாம், பையில் சாவியைத் தேடச் சொல்லலாம். தோளைத் தூணில் சாய்த்து, மூச்சை வெளியே விட்டு நின்றால் 1/8 நொடிக்கு அசையமாட்டார். காவலர் கேட்டால் நிதானமாக விளக்குங்கள். ரயில் நிலையத்துக்குள் அனுமதியின்றி எடுக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: படத்தில் கிடைக்கோடாகக் கருப்புப் பட்டைகள் விழுவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஆள் அசையாமல் பதியவேண்டும் என்று ஷட்டர் வேகத்தை 1/250 நொடி வைத்ததே காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றுக்கும் இரு முறையாக, விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. 1/50 அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். மெதுவான வேகத்தில் ஆள் கலங்கலாகத் தெரிந்தால் ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை ஏற்றி, ஷட்டரை 1/50ஐத் தாண்டாமல் வேகமாக்கலாம். விளம்பரத் திரைகள் சில வேறு வேகத்தில் மினுக்கும். அவற்றின் முன் 1/30க்கு இறங்கிப் பாருங்கள்.