வெயிலில் ஒரு நீல நிறப் படம்: முருங்கை இலையும் கொஞ்சம் இரும்பு உப்பும்

வீட்டில் இரும்புச்சத்து டானிக் இருந்தால் லேபிளைப் பாருங்கள், சிலவற்றில் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் என்று போட்டிருக்கும். வெளிச்சம் பட்டால் மாறிவிடும் அந்த உப்பை வைத்துத்தான் கேமரா இல்லாமல் படம் எடுக்கப்போகிறோம். (டானிக்கை ஊற்ற வேண்டாம், சர்க்கரைதான் ஒட்டும்.) 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் முறை இது. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதித்துப் புத்தகம் போட ஆரம்பித்துவிட்டார்.

கடையில் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட்டைப் பச்சைத் தூளாகக் கேளுங்கள். பழுப்பு வகைக்கு ஒளியுணர்வு குறைவு.

முதலில் 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் பச்சைத் தூள். இன்னொரு பாட்டிலில் 100 மில்லிக்கு 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. பெயர்தான் பயமுறுத்தும், கையுறை போட்டு, சமையல் பாத்திரங்களைத் தொடாமல் செய்தால் போதும், ஆனால் கடும் அமிலமோ சூடோ அதன் பக்கம் போகக்கூடாது, நச்சு வாயு வரும்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு, சின்ன பல்பு வெளிச்சத்தில் இரண்டையும் சம அளவு கலந்து, கெட்டியான வாட்டர்கலர் தாளில் ஸ்பாஞ்சால் மெல்லிசாகப் பூசி, இருட்டிலேயே காயவிடுங்கள். தாள் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும்.

அப்புறம் முருங்கை இணுக்கு ஒன்றை வைத்து, மேலே கண்ணாடி போட்டு அழுத்தி, உச்சி வெயிலில் 10 நிமிடம். பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்: பச்சை நீலமாகி, பிறகு சாம்பல் படிந்தாற்போல் மங்கும். கெட்டுப்போச்சு என்று நினைக்காதீர்கள், அதுதான் பதம். புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் ஃபெரிக் இரும்பு, ஃபெரஸ் என்ற இரும்பின் இன்னொரு வடிவமாக மாறி, ஃபெரிசயனைடோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பிரஷ்யன் நீலமாகிறது. இலையின் நிழலில் இருந்த உப்பு மாறாமல் கிடக்கும், கழுவினால் போய்விடும், வெள்ளை இலை மிஞ்சும்.

மஞ்சள் நீர் வருவது நிற்கும்வரை கழுவுங்கள். என் முதல் படம் கழுவக் கழுவ வெளிறியது, பார்த்தால் எங்கள் போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். இந்த நீலத்துக்குக் காரம் ஆகவே ஆகாது. இப்போது முதல் அலசலில் ஒரு ஸ்பூன் வினிகர் விடுகிறேன். சோப்பு கூடவே கூடாது.

காயக் காய நிறம் ஏறும். சுவரில் மாட்டி ஒளியில் வெளுத்தால், சில நாள் இருட்டு அலமாரியில் வையுங்கள், நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும்.