காட்பாடி யார்டுக்கு ஒரு மூடிய வேகன்: நீராவிக் காலக் கூட்ஸ் மாடல் செய்முறை

பிராட் கேஜ் தண்டவாளத்தின் அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. கடையில் கிடைக்கும் எச்.ஓ. (HO, மாடல் ரயில்களில் பரவலான ஓர் அளவு) மாடல் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. ஐந்தரையை மூன்றால் பெருக்கினால் பதினாறரை. நிஜத்தில் ஓர் அடி, மாடலில் 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நம் ஊர்த் தண்டவாளம் அந்தக் கடைத் தண்டவாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. விகிதம் 1:101.6.

நம்மில் பலர் எச்.ஓ. என்றதும் 1:87 விகிதத்தில் வெளிநாட்டு கிட் ஒன்றை வாங்கி, சிவப்புக் காவி அடித்து, இந்திய வேகன் என்று ஓட்டுகிறோம். அந்த விகிதத்தில் 16.5 மி.மீ. என்பது வெளிநாட்டின் 1435 மி.மீ. பாதை. நம் பிராட் கேஜுக்கு 19.2 மி.மீ. வேண்டும். சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி, மேலே உடம்பு அகன்று, குடை நிற்பது போல் இருக்கும். எந்தப் பெயிண்டும் அதை மறைக்காது.

காட்பாடிக்கு இந்த 3 மி.மீ. கணக்கால் இன்னொரு லாபமும் உண்டு. சென்னை–ஜோலார்பேட்டை பிராட் கேஜும், விழுப்புரத்திலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வழியாக வந்த மீட்டர் கேஜும் சந்தித்த இடம் அது. இதே விகிதத்தில் மீட்டர் கேஜ் 9.84 மி.மீ. வரும். கடையில் ‘என்’ (N) அளவு என்று கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளத்தைப் போட்டால் குறைவது 0.84 மி.மீ.தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதையின் வண்டிகளையும் வைத்தால் உயர வித்தியாசம் சரியாகவே தெரியும். இங்கே சொல்லப்போவது பிராட் கேஜ் நாலு சக்கர மூடிய வேகன். கை பழக அதுவே ஏற்றது.

முதலில் வருஷம்

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1-ல். நம் பகுதியில் நீராவிக் காலம் என்பது அங்கிருந்து நூறு வருஷத்துக்கு மேல் நீள்கிறது. அதில் ஒரு வருஷத்தைப் பிடிக்காமல் கத்தியை எடுக்க வேண்டாம். 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே உருவாகும் முன் என்றால், காட்பாடி பிராட் கேஜ் பக்கம் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா கம்பெனியின் எழுத்து, விழுப்புரம் மீட்டர் கேஜ் பக்கம் சவுத் இந்தியன் ரயில்வேயின் எழுத்து. அதற்குப் பின் என்றால் இரண்டுமே தெற்கு ரயில்வே. 1950களின் கடைசியில் மெட்ரிக் அளவு வந்ததால் வேகன் மேல் எழுதிய எடையும் மாறும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1960களை எடுங்கள். படங்கள் அதிகம் கிடைக்கும், நீராவி எஞ்சினும் பொருந்தும். சித்தரஞ்சனில் கடைசி பிராட் கேஜ் நீராவி எஞ்சின் வெளிவந்ததே 1970-ல்தான்.

ஒரு படத்தின் காலத்தை நிதானிக்க மூன்று இடம் பாருங்கள். அச்சுமுனையில் சதுரமான, மூடி போட்ட எண்ணெய்ப் பெட்டி இருந்தால் பழைய சாதா பேரிங். வட்ட மூடி என்றால் ரோலர் பேரிங், பிற்காலத்தது. இரு ஓரமும் பஃபரும் (மோதலைத் தாங்கும் வட்டத் தகடு) நடுவே ஸ்க்ரூ கப்ளிங்கும் (வேகன்களை இணைக்கும் திருகுக் கொக்கி) இருந்தால் பழைய வகை. நடுவில் பெரிய கைப்பிடி போன்ற கப்ளர் இருந்தால் பிந்தையது. மூன்றாவது பின்னணி. மின்கம்பியும் அதன் கம்பமும் காட்பாடிப் படத்தில் தெரிந்தால் அது 1980களிலோ அதற்குப் பிறகோ எடுத்தது.

பிராட் கேஜ் வேகன்கள் பொதுத் தொகுப்பில் சுற்றின. இங்கே வந்த வேகன் எந்த ரயில்வேயுடையதாகவும் இருக்கலாம். பத்து வேகன் செய்தால் பத்திலும் தெற்கு ரயில்வே என்று எழுதுவது தவறு. நாலைந்தில் வேறு ரயில்வேக்களின் எழுத்து வரட்டும்.

நேரில் பார்க்க சென்னை ஐ.சி.எஃப். வளாகத்து ரயில் அருங்காட்சியகம் பக்கம். திருச்சியிலும் ஒன்று உண்டு. பழைய நிர்வாக அறிக்கைகளுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். யார்டுக்குள் டேப்பைத் தூக்கிக்கொண்டு அனுமதியில்லாமல் இறங்க வேண்டாம். ரயில்வே சட்டம் 147-ம் பிரிவில் அது குற்றம்.

படத்திலிருந்து அளவு

வரைபடம் இல்லாவிட்டால் நேர் பக்கவாட்டில் எடுத்த படம் போதும். தெரிந்த ஓர் அளவு அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய பிராட் கேஜ் வேகன் சக்கரம் 3 அடி 7 அங்குலம், 1092 மி.மீ. முன்பக்கப் படம் என்றால் இரு பஃபர் மையங்களுக்கு இடையே 1956 மி.மீ.

ஒரு கணக்கு. படத்தில் சக்கரம் 14 மி.மீ., இரு அச்சுக்கும் இடையே 55 மி.மீ. என்று வைப்போம். 55-ஐ 14-ஆல் வகுத்து 1092-ஆல் பெருக்கினால் 4290 மி.மீ. அடியில் சொன்னால் 14 அடியும் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவும். பழைய வரைபடங்கள் அடி அங்குலத்தில் போடப்பட்டவை, பெரும்பாலும் முழு எண்ணாகவே இருக்கும். ஆகவே 14 அடி என்று எடுத்து, மாடலில் 42 மி.மீ. என்று குறிக்கலாம்.

சறுக்குவது இங்கேதான். சக்கரத்தின் விளிம்பு, அதாவது ஃபிளாஞ்ச், தண்டவாளத்தில் உருளும் பரப்பைவிடப் பெரியது. விட்டத்தில் 57 மி.மீ. வரை கூடும். விளிம்பின் வெளிக்கோட்டை அளந்தால் எல்லா அளவும் 5 சதவீதம் சின்னதாகிவிடும். வேகனை முடித்தபின் எஞ்சின் பக்கத்தில் நிறுத்தும்போதுதான் அது கண்ணை உறுத்தும். உருளும் பரப்பின் விளிம்பையே அளங்கள். தேய்ந்த சக்கரமும் இருக்கும் என்பதால் குறைந்தது மூன்று படத்தில் போட்டுச் சராசரி பாருங்கள்.

உடம்பு

காலாவதியான அடையாள அட்டை, பழைய ஏ.டி.எம். கார்டு எல்லாம் 0.76 மி.மீ. கனம், 85.6-க்கு 54 மி.மீ. அளவு. அநேகமாக பி.வி.சி. நாலு சக்கர வேகனின் பக்கம் இரண்டும் ஒரே கார்டில் அடங்கிவிடும். ஒரு வேகனுக்கு நாலு கார்டு: பக்கங்களுக்கு ஒன்று, முன்பின் சுவருக்கும் உள்தடுப்புக்கும் ஒன்று, தரைக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. எண்கள் புடைத்த கார்டு வேண்டாம். சிப் உள்ள பகுதியை வெட்டி எறியுங்கள். எல்லாக் கார்டும் பி.வி.சி. அல்ல. மூலையில் குழாய்க் கடை சால்வென்ட் சிமென்ட் ஒரு சொட்டு வைத்து, ஒரு நிமிஷத்தில் பிசுபிசுக்காவிட்டால் அந்தக் கார்டை ஒதுக்குங்கள். அச்சிட்ட பக்கத்தை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்த பிறகே வெட்ட வேண்டும். ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல், ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஐந்தாறு முறை லேசாகக் கீறி, மடித்து உடையுங்கள்.

ஒட்டுவதற்கு அதே சால்வென்ட் சிமென்ட். பல்குத்தும் குச்சி முனையில் எடுத்து உள்பக்க மூலையில் மட்டும் தடவுங்கள். உடம்பை முழுவதும் மூடும் முன் தரையில் 3 மி.மீ. துளை இரண்டு போடுவது கட்டாயம். இல்லாவிட்டால் ஆவி உள்ளேயே தங்கி, பிளாஸ்டிக்கை மெல்ல இளக்கி, ஆறு மாதம் கழித்துப் பக்கச் சுவர் உள்வாங்கும். நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தால் இன்னும் பத்திரம்.

கூரையின் வளைவுக்கு, தேவைப்படும் வளைவைவிடச் சற்று ஒடுங்கிய கண்ணாடி பாட்டிலில் கார்டை டேப்பால் இறுக்கிக் கட்டி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, உடனே பச்சைத் தண்ணீரில் முக்குங்கள். கட்டை அவிழ்த்ததும் கொஞ்சம் விரியும். பாட்டில் ஒடுக்கமாக இருக்க வேண்டியது அதற்காகத்தான்.

இனி ரிவிட். இரும்பு உடம்பு வேகனுக்கு உயிரே இதில்தான் இருக்கிறது. நம் விகிதத்தில் 1 மி.மீ. என்பது சரியாக 4 அங்குலம். ஆகவே பள்ளிக்கூட கிராஃப் தாளே அளவுகோல். விசிட்டிங் கார்டில் 1.5 மி.மீ. அகலப் பட்டையைப் பென்சிலால் கோடிட்டு, பின்பக்கம் கிராஃப் தாளை ஒட்டி, ரப்பர் ஷீட் மேல் வைத்து, முனை மழுக்கிய ஊசியால் கோடு சந்திக்கும் இடமெல்லாம் அழுத்துங்கள். முன்பக்கம் சின்னப் புடைப்பு வரும். ஊசி தாளைத் துளைத்தால் முனை இன்னும் கூர். உப்புத்தாளில் நாலு தேய்ப்பு தேயுங்கள். எல்லாப் புடைப்பும் அழுத்திய பிறகே பட்டையை வெட்டுங்கள். வெட்டிவிட்டு அழுத்தினால் பட்டை வாழைப்பழம் போல் வளையும். பட்டையை ஒட்ட ஃபெவிக்விக், பி.வி.சி. சிமென்ட் காகிதத்தைப் பிடிக்காது. ரிவிட் இடைவெளி வேகனுக்கு வேகன் மாறும். படத்தில் இரண்டு தூணுக்கு நடுவே எத்தனை என்று எண்ணுங்கள். சுவரின் வெளியே நிற்கும் தூண்கள் எத்தனை, கதவு மேலே இரண்டு இலையாகவும் கீழே மடங்கும் பலகையாகவும் உள்ளதா என்பதையும் அப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ரிவிட் ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது. தூண் ஒன்று குறைந்தால் அது வேறு வேகன்.

அடிச்சட்டம்

மேலே நேர்த்தியாகச் செய்துவிட்டு அடியை வெறுமையாக விடுவது நம் பொதுப் பழக்கம். மேசை மேல் வைக்கும் மாடலைக் கண்மட்டத்தில் பார்க்கும்போது முதலில் தெரிவது சக்கரத்துக்கு நடுவே தெரியும் வெளிச்சம்தான். வாக்குவம் பிரேக்கின் சிலிண்டர், பிரேக் கம்பிகள், பக்கவாட்டில் நீண்ட கைப்பிரேக் லீவர் இவை மூன்றும் இருந்தால் போதும். சிலிண்டருக்குப் பால்பாயின்ட் பேனா மூடியின் துண்டு, கம்பிக்கு 0.4 மி.மீ. செப்புக்கம்பி. முன்பின் சுவரில் வாக்குவம் ஹோஸ் ஒவ்வொன்று. சில வேகனில் சிலிண்டர் இல்லாமல் குழாய் மட்டுமே கடந்துபோகும்; படத்தில் சிலிண்டர் தெரியவில்லை என்றால் வைக்காதீர்கள்.

சக்கரம் விகிதப்படி 10.75 மி.மீ. கடையில் எச்.ஓ.வுக்கு 10.5, 11 என்று கிடைக்கும். எது கிடைத்தாலும் சரி, ஒரே ரேக்கில் (ஒன்றாகக் கோத்த வேகன் தொடரில்) கலக்க வேண்டாம். இரண்டு அச்சில் ஒன்றை இறுக்கமாகப் பொருத்தி, மற்றதை நடுவில் ஒரு கம்பி மேல் அரை மி.மீ. மேலும் கீழும் ஆடும்படி விடுங்கள். நாலு சக்கரமும் விறைப்பாக இருந்தால், தண்டவாள இணைப்பில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்று வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்கும்.

எடை மொத்தம் 50 முதல் 60 கிராம். உடம்பு சுமார் 15 கிராம் வரும். மீதிக்கு டயர் கடையில் விற்கும் ஒட்டு பேலன்சிங் வெயிட்டில் 5 கிராம் கட்டைகள் எட்டு, அச்சுகளுக்கு நேர் மேலே தரையில். நடுவில் குவித்தால் தரை தொய்யும்.

நிறமும் அழுக்கும்

ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடு நிறம் அந்தக் கால வேகனுக்கு மிக நெருக்கம்தான். ஆனால் அதை மாடலில் அடிக்காதீர்கள். கனமாகப் படிந்து ரிவிட்டை விழுங்கும். கலக்கும் தின்னரும் பி.வி.சி.யைக் கரைக்கக்கூடும். ஆர்ட் கடை அக்ரிலிக்கில் பழுப்பும் சிவப்பும் கலந்து, தண்ணீர் போல் இளக்கி மூன்று தடவை. வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை: சித்திரையில் மதியம் அடித்தால் பெயிண்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்து மணல் மணலாக விழும். காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். முடித்த மாடலை ஜன்னலோரம் வைத்தால் கார்டு முறுக்கிக்கொள்ளும்.

வெள்ளை எழுத்துக்குச் சாதா பிரிண்டர் உதவாது, அதில் வெள்ளை மை இல்லை. வெள்ளை டெக்கால் தாளில் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுத்தாள்), எழுத்தைச் சுற்றி வேகனின் நிறத்தையே பின்னணியாக அச்சிட்டு, ஓரத்தை ஒட்டி வெட்டலாம். நிறம் சற்று மாறும், அதை அழுக்குப் பூசிச் சமன்செய்யலாம். சிறிய எண்களுக்கு வெள்ளை ஜெல் பேனாவே மேல்.

அழுக்கில் ஊர் தெரிய வேண்டும். வட ஆற்காட்டில் ஏற்றியவை நிலக்கடலை, அரிசி, ஆம்பூர் வாணியம்பாடி பக்கத்துத் தோல். உப்புப் போட்ட தோலின் கசிவு இரும்பை அரிக்கும். ஒரே ஒரு வேகனில், கதவின் அடிவிளிம்பிலிருந்து கீழே ஒழுகிய கரும்பழுப்புக் கறையைக் காட்டுங்கள். பத்திலும் போட்டால் வேஷம் ஆகிவிடும். கீழ்ப்பாதிக்குச் செம்மண் தூசி, சக்கரத்தைச் சுற்றிப் பிரேக் கட்டையின் துருத்தூள், கூரைக்கு எஞ்சின் கரி. கதவருகே சாக்பீஸில் கிறுக்கி, விரலால் அரைகுறையாக அழித்த ஊர்ப்பெயர் ஒன்று.

ஓட்டிப் பார்ப்பது கடைசி. எஞ்சினால் பின்னோக்கித் தள்ளி, பாயின்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) வழியாகப் பத்து முறை அனுப்புங்கள். ஒரே இடத்தில் இறங்கினால் தண்டவாள இணைப்பைப் பாருங்கள். இடம் மாறி மாறி இறங்கினால் வேகனைத் திருப்பி, இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே வெர்னியரால் அளங்கள். 14.4 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குறைந்தால் ஒரு சக்கரத்தை அச்சில் மெல்லத் திருகி வெளியே இழுத்துவிட்டு, மறுபடி பத்து முறை.