சாட்ஜிபிடி எழுத முடியாத அசைன்மென்ட் கொடுப்பது எப்படி?

'சராசரி, இடைநிலை அளவு: விளக்குக' என்று முதலாமாண்டு புள்ளியியல் மாணவர்களுக்குக் கொடுத்தால், 60 தாளும் ஒரே கை எழுதியது போல வரும். (இடைநிலை அளவு என்பது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது.) ஏஐயைக் கண்டுபிடிக்கும் கருவியை நம்பி யார் மீதும் பழி போட வேண்டாம். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் விட்ட கருவி, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். கேள்வியை மாற்றுவதுதான் வழி.

படி 1: உங்கள் கேள்வியை நீங்களே சாட்ஜிபிடியிடம் கேளுங்கள். நல்ல மதிப்பெண் போடும்படி பதில் வந்தால், அந்தக் கேள்வியைத் தூக்கிப் போடுங்கள்.

படி 2: மாணவரே அளந்து பார்க்க வேண்டியதைக் கேளுங்கள். நான் கேட்பது: 'உங்கள் வீட்டில் 7 நாளும் எத்தனை குடம் தண்ணீர் செலவானது?' ஹாஸ்டல்காரர்களுக்கு வாளிக் கணக்கு. அந்த எண்களுக்குச் சராசரியும் இடைநிலையும் கண்டு ஓர் அறிக்கை தர வேண்டும். தினமும் நோட்டில் பேனாவால் குறிக்க வேண்டும்; மூன்றாம் நாள் ஒருமுறை என்னிடம் காட்ட வேண்டும். கடைசி ராத்திரியில் ஏழு நாளையும் கற்பனை செய்வது இதிலேயே பாதி குறையும்.

படி 3: சூத்திரம் புரிய, பிழை திருத்த ஏஐயைப் பயன்படுத்தலாம், எண்களுக்கும் முடிவுக்கும் கூடாது. இதை எழுதியே கொடுங்கள்.

படி 4: ஆளுக்கு 5 நிமிடம் வைவா, அதாவது நேரில் வாய்மொழித் தேர்வு. உயிர்நாடி இதுதான். ஒரு மாணவியின் நோட்டில் 8, 9, 8, 14, 8, 9, 7 என்று இருந்தது.

"வியாழக்கிழமை மட்டும் ஏன்மா 14?"

"தாத்தாவுக்குத் திதி சார். ஊர்லேர்ந்து எல்லாரும் வந்திருந்தாங்க."

"சரி, சராசரி 9, இடைநிலை 8. எதைச் சொல்லுவ?"

கொஞ்சம் யோசித்தாள். "சாதாரண நாளுக்கு 8 சார். ஆனா மொத்தம் எவ்வளவு தண்ணி வேணும்னு கேட்டா, 9ஐத்தான் பெருக்கணும்."

அவள் கொடுத்த அறிக்கையில் இந்த வரி இல்லை.

60 பேருக்கு 5 மணி நேரம் ஆகும். ஒரே நாளில் உட்காராதீர்கள், தொண்டை போய்விடும். நாளுக்கு 12 பேர் போதும்.

படி 5: 20 மதிப்பெண்ணில் நோட்டுக்கு 6, அறிக்கைக்கு 4, வைவாவுக்கு 10. நோட்டைப் பார்த்துக்கொண்டே பேசலாம், தமிழிலேயே பேசலாம் என்று முன்பே அறிவித்துவிடுங்கள். முதல் தடவை நான் அதைச் சொல்லாமல் விட்டேன். பாதிப் பேர் வாயே திறக்கவில்லை.